இரண்டாவது வரி

அம்மா, நான் பாடசாலை அதிபராகிவிட்டேன் என்று நீங்கள் நம் தோட்டத்து லயம் முழுவதற்கும் லட்டு கொடுத்ததை அண்ணன் படம் பிடித்து அனுப்பியிருந்தான். அன்று பின்னேரம் நீங்கள் போனில் கேட்டது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது.

"நாக்காலியில ஒக்காந்திட்டியா புள்ள?"

"ஒக்காந்திட்டேன் மா."

"அப்பறம் ஏன் கொரல் ஒரு மாதிரியா இருக்கு? சளியா?"

சளி என்று சொல்லி வைத்துவிட்டேன். சளி இல்லை. போனில் சொன்னால் நீங்கள் பயப்படுவீர்கள். நீங்கள் பயந்தால் எனக்குப் பயம் இன்னும் கூடும். அதனால்தான் இதை ஒரு கதை போல முதலிலிருந்து சொல்கிறேன். அண்ணன் உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும்.

கொழும்புக்கு நான் வந்து பத்து வருடங்கள். கல்வியியற் கல்லூரி முடித்த கையோடு கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலைக்கு நியமனம் கிடைத்தது. தங்க இடம் கிடைத்ததோ வெள்ளவத்தையில். காலையில் காலி வீதியில் ஒரு பஸ், புறக்கோட்டையில் இறங்கி இன்னொரு பஸ். முதல் வாரமே ஆசிரியர் அறையில் உஷாந்தி டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர்தான் அங்கே வயதில் மூத்தவர், தமிழ்ப் பாடம்.

"தங்கச்சி எந்த இடம்?"

"பொகவந்தலாவ டீச்சர்."

"ஓ, தோட்டமோ? கதைக்கேக்கயே விளங்கினது. பிள்ளையளுக்கு உந்த 'வந்துச்சு, போச்சு' எல்லாம் பழக்கிப் போடாதையும்."

நான் கையில் இருந்த வரலாற்றுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூலை மேசையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். சிவப்பு மையால் கொப்பி திருத்திக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"உஷாந்தி டீச்சர், உங்கட 'கதைக்கேக்க'வ வச்சி எங்கட மட்டக்குளியில ஒரு கீரி மீன் வாங்க ஏலா. விடுங்க அந்தப் புள்ளய."

அவர்தான் ஸமீமா டீச்சர். கணக்குப் பாடம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அன்று இடைவேளையில் தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். விஞ்ஞான கூடத்துக்குப் பின்னால் ஒரு சீமெந்துக் கட்டு இருக்கிறது. அடுத்த பத்து வருடமும் நாங்கள் இருவரும் அங்கேதான் சாப்பிட்டோம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், "தாத்தாவோட சாப்பிட்டேன்" என்று நான் ஒருமுறை சொல்ல, "எந்தக் கெழவன்டி அது?" என்று நீங்கள் பதறினீர்கள். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள் என்று விளங்கப்படுத்த எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

கொழும்பில் எனக்கு வேறு யாரும் இல்லை, அம்மா. அறையில் என்னோடு இருந்த பெண்கள் வருவார்கள், கல்யாணம் கட்டிப் போவார்கள், கனடா போவார்கள். பத்து வருடத்தில் பதினான்கு பேர். பெயர்கள்கூட மறந்துவிட்டன. காய்ச்சல் வந்தால் போன் எடுக்க ஒரு நம்பர் இருந்தது என்றால் அது ஸமீமா தாத்தாவுடையது.

அதிபர் பரீட்சை எழுதச் சொன்னதும் அவர்தான். அதற்கு முன்னால் நான்கு வருடம் சனி ஞாயிறில் போய் வெளிவாரிப் பட்டம் முடித்திருந்தேன். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் பகுதித் தலைவியாகவும் போட்டிருந்தார்கள். முதல் முறை எழுதி ஐந்து புள்ளியில் தவறியது. அழுதுகொண்டு சீமெந்துக் கட்டில் இருந்தபோது கேட்டேன், "நீங்க ஏன் தாத்தா எழுதல? என்னவிட நீங்கதான் கெட்டி."

"எனக்கு வீட்டுல வேற பரீட்ச ஈக்கி. நீ எழுது. நான் வினா கேக்குறேன்."

இரண்டாவது முறை வென்றேன். நேர்முகம், பிறகு சில மாதப் பயிற்சி, பிறகு அதே பாடசாலைக்கே பிரதி அதிபராகத் திரும்பி வந்தேன்.

வீட்டில் இருந்த அந்தப் பரீட்சை என்னவென்று எனக்கு முன்பே தெரியும். நான்காவது வருடம் ஒரு பெருநாளுக்கு மட்டக்குளி வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். மகள் அம்னாவுக்கு அப்போது ஐந்து வயது. பேச்சு வராது. யாரையும் முகம் பார்க்காது. உள்ளங்கையால் சுவரைத் தட்டிக்கொண்டே இருக்கும். கொள்ளுப்பிட்டியில் இப்படியான பிள்ளைகளுக்கு ஒரு நிலையம் இருக்கிறது. காலை ஏழு மணிக்குத்தான் திறப்பார்கள். தாயின் கையிலிருந்து நேரே டீச்சரின் கைக்குப் போனால்தான் அம்னா உள்ளே போகும். வேறு யார் கொண்டுபோனாலும் வாசலிலேயே உருண்டுவிடும். அதைக் கொடுத்துவிட்டுத் திரும்ப பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர எப்படியும் ஏழே முக்கால் ஆகும்.

"ஸ்கூல்ல ஒருத்தருக்கும் சொல்லிராத" என்றார் அன்று. "அதிபர் சந்திரகுமார் சேருக்குத் தெரியும், இப்ப உனக்குத் தெரியும், அது போதும். குடும்பத்துல, பக்கத்து வீட்டுல, பஸ்ஸுல, எங்க போனாலும் 'பாவம், பாவம்'. காது புளிச்சிட்டு. அங்கயாவது நான் வெறும் கணக்கு டீச்சரா ஈக்கணும்."

நான் தலையாட்டினேன். ஆறு வருடம் அதைக் காப்பாற்றினேன்.

இப்போது சிவப்புக் கோடு பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வரவுப் புத்தகத்தில் வந்த ஒழுங்கில் வரிவரியாக நேரம் எழுதிக் கையெழுத்து வைப்போம். ஏழரைக்கு அதிபர் கடைசிக் கையெழுத்துக்குக் கீழே சிவப்புப் பேனையால் ஒரு கோடு இழுப்பார். அதற்குப் பிறகு வருகிறவர்கள் கோட்டுக்குக் கீழேதான் வைக்க வேண்டும். எங்கள் பாடசாலைக் கணக்கில் மூன்று முறை கீழே விழுந்தால் அரை நாள் லீவு போகும். கோட்டை அழிக்க முடியாது. அந்தப் புத்தகத்தில் டிப்பெக்ஸ் பட்டாலே குற்றம்.

பழைய அதிபர் சந்திரகுமார் சேருக்கு ஒரு வழி இருந்தது. ஏழரை மணி அடித்ததும் மேசை லாச்சியைத் திறந்து தேடத் தொடங்குவார். "எங்கயப்பா அந்தச் சிவப்புப் பேனை? நேற்று இஞ்சதானே வச்சனான்." பேனை அவருடைய சட்டைப் பையில் இருக்கும். எல்லோருக்கும் தெரியும். ஏழே முக்காலுக்கு ஸமீமா தாத்தா மூச்சு வாங்க வந்து கையெழுத்து வைத்த பிறகுதான் பேனை கிடைக்கும். வெள்ளவத்தை பஸ் பிந்தினால் நானும் அந்தத் தேடலில் தப்பியிருக்கிறேன்.

அவர் ஓய்வு பெற்றதும் என்னைப் பதில் அதிபராக்கினார்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வலயக் கல்விக் காரியாலயம் நிரந்தரமாக்கும். அதே வாரம், வரவுப் புத்தகம் ஒழுங்காக இல்லாத பாடசாலைகளை நேரில் வந்து பார்ப்போம் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது. நான் அதை ஏழெட்டுத் தரம் வாசித்தேன். முதல் நாள் ஆறரைக்கே போய்க் கதிரையில் உட்கார்ந்தேன். ஏழரை மணி அடித்தது. எனக்குப் பேனையைத் தேடத் தெரியவில்லை, அம்மா. கோடு இழுத்துவிட்டேன்.

ஐந்து பேர் கீழே விழுந்தார்கள். உஷாந்தி டீச்சரும் ஒருவர்.

"நல்லாயிருக்கு மெடம்" என்றார். "போன மாதம் வரைக்கும் நீங்களும் எங்களோடதானே ஓடி வந்தனீங்கள்."

கடைசியாக வந்தது ஸமீமா தாத்தா. கோட்டையும் என்னையும் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். இடைவேளையில் சீமெந்துக் கட்டுக்கு ஓடினேன். அவர் எனக்கு முன்னால் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் தள்ளி வைத்தார்.

"நல்ல நேரான கோடு. அடிமட்டம் வச்சா போட்ட?"

"தாத்தா, நான் வேணும்னு..."

"சும்மா இரு. நீ போடத்தான் வேணும். ஆனா கிழமைக்கு அஞ்சு நாளும் கீழ விழுந்தா மிச்சம் ஈக்கிற லீவும் ரெண்டு மாசத்துல முடிஞ்சிரும். பொறகு அம்னாக்குக் காய்ச்சல்னா நான் எங்க போற?"

அப்போதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பிழை முழுக்க என்னுடையது. முதலில் வருவது நான்தானே. முதலாவது வரியில் நான் கையெழுத்து வைப்பேன். இரண்டாவது வரியை வெறுமையாக விடுவேன். மூன்றாவதிலிருந்து மற்றவர்கள் வைக்கட்டும். ஏழே முக்காலுக்கு அவர் வந்து அந்த வரியில் ஏழு பத்து என்று நேரம் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

"பாத்துச் செய் நிஷா" என்றார். "எனக்காக உன்ட கதிரய இல்லாமாக்கிக்காத."

ஏழு வாரம் அப்படி நடந்தது. மற்ற நான்கு பேரும் ஒரு கிழமையில் நேரத்துக்கு வரப் பழகிவிட்டார்கள். ஒவ்வொரு காலையும் இருபத்தைந்து பேர் அந்த வெறும் வரியைத் தாண்டித்தான் தங்கள் பெயரை எழுதினார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் கதை நிற்கும். யாராவது ஒருவர், "தேத்தண்ணி குடிக்கிறீங்களா மெடம்?" என்பார். நான் வேண்டாம் என்பேன். வெளியே வந்து நாலு எட்டு வைத்ததும் உள்ளே மறுபடி சிரிப்புக் கேட்கும்.

எட்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. நல்ல மழை. ஏழு முப்பத்தைந்துக்கு வலயத்திலிருந்து ஸாலிஹ் சேர் வந்தார். உதவிக் கல்விப் பணிப்பாளர். குடையை வாசலில் சாய்த்துவிட்டு நேரே வரவுப் புத்தகத்தைத் திறந்தார். உஷாந்தி டீச்சர் வெண்கட்டி எடுக்க வந்து அலுமாரியடியில் நின்றார்.

ஸாலிஹ் சேரின் விரல் என் கையெழுத்துக்குக் கீழே நின்றது.

"இந்த ரெண்டாவது வரி யாருக்கு மிஸ்?"

நான் புத்தகத்தின் பக்கம் குனிந்தேன்.

"உங்கட கையெழுத்துக்கு நேர் கீழ. நேத்தும் முந்தநாளும் ஒரே ஆள், ஏழு பத்துன்னு எழுதீக்கி. இண்டக்கு வெறும். யார் இந்த ஸமீமா?"

"கணக்கு டீச்சர், சேர்."

"ஏழு பத்துக்கு வந்தவங்க இண்டக்கு எங்க?"

கை தவறி ஒரு வரி விட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருக்க மாட்டார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கும், கதிரை போயிருக்கும். அந்த நேரம் எனக்குக் கதிரை தெரிந்தது. அம்மா, உங்கள் முகமும் தெரிந்தது. வாய் தானாகத் திறந்தது.

"அவங்க வேணும்னு பிந்துறதில்ல சேர். புள்ளைக்கு ஏலாது. பேச்சு வராது, ஒண்ணும் விளங்காது. பதினொரு வயசு. கொள்ளுப்பிட்டியில ஒரு நிலையத்துல விட்டுட்டுத்தான் வாறாங்க. பாவம் சேர்."

அந்தச் சொல்லையும் நானே சொன்னேன்.

அலுமாரியடியில் வெண்கட்டிப் பெட்டி கீழே விழுந்தது. உஷாந்தி டீச்சர் குனிந்து பொறுக்கவில்லை. கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஸாலிஹ் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், குரல் தணிந்துதான் வந்தது. "இதுக்கு ஒரு கடிதம் போதுமே மிஸ். டொக்டர்ட ரிப்போர்ட்டோட டீச்சர் விண்ணப்பிக்கணும், நீங்க சிபாரிசு பண்ணணும். முதலாம் பாடத்த அவங்களுக்குக் குடுக்காம நேரசூசி போடுங்க. நான் அனுமதி எடுத்துத் தாறேன். இப்பிடி வரி விட்டு வெளயாடாதீங்க."

வெறும் வரியின் குறுக்கே தன் பேனையால் ஒரு கோடு இழுத்துச் சிறு கையெழுத்து வைத்தார். எனக்கு எதிராக ஒன்றும் எழுதவில்லை.

ஏழு நாற்பத்தாறுக்கு ஸமீமா தாத்தா நனைந்த பர்தாவோடு உள்ளே வந்தார். புத்தகத்தைப் பார்த்தார். ஸாலிஹ் சேருக்கு ஸலாம் சொன்னார். பிறகு உஷாந்தி டீச்சரைப் பார்த்தார். டீச்சரின் கண் கலங்கியிருந்தது. எல்லாவற்றையும் அந்தக் கண்ணில்தான் ஸமீமா தாத்தா கண்டுகொண்டார். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்துவிட்டு வகுப்புக்குப் போனார்.

அதற்குப் பிறகு எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. உஷாந்தி டீச்சர் ஆசிரியர் அறையின் நடுவில் ஸமீமா தாத்தாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எங்களுக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே டீச்சர். நான் உங்களைப் பற்றி என்னெல்லாமோ நினைச்சுப் போட்டன்." ஒருவர் நுகேகொடையில் ஒரு டொக்டரின் நம்பர் கொடுத்தார். ஒருவர் செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவதாகச் சொன்னார். ஒருவர் மந்திரித்த நூல் கொண்டுவந்தார். வகுப்புகளில் பிள்ளைகள்கூடத் திடீரென்று அமைதியாக இருந்தார்கள். கணக்கு டீச்சரைக் கண்டால் ஓடி ஒளிகிற ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அனுமதி கேட்கும் விண்ணப்பத்தை நானே தட்டச்சுச் செய்து சீமெந்துக் கட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் சாப்பிடவில்லை. பெட்டி மூடியபடி மடியில் இருந்தது.

"இதுல ஒரு கையெழுத்து வச்சாக் காணும் தாத்தா. இனிக் கோடு உங்களுக்கு இல்ல."

வாசித்தார். கையெழுத்து வைத்தார். பேனையைத் திருப்பித் தந்தார்.

"நீ ஒரு பொய் சொல்லீக்கலாம்."

"என்ன பொய்?"

"எனக்குத் தெரியா, அவ நேரத்துக்கு வாறதில்லன்னு சொல்லீக்கலாம். கை தவறிட்டுன்னு சொல்லீக்கலாம். எனக்கு லீவு போயீக்கும். போகட்டுமே. உன்ட கதிரயக் காப்பாத்த என்ட புள்ளயத் தூக்கி மேசையில வச்சிட்டியே."

"உங்களுக்காகத்தான் தாத்தா..."

"எனக்காகவா?"

அவர் சத்தம் போடவில்லை. உண்மையாகவே கேட்டார். நான் பதில் சொல்லத்தான் பார்த்தேன். எவ்வளவு யோசித்தும், அந்த நிமிடத்தில் யாருக்காக வாய் திறந்தேன் என்று எனக்கே பிடிபடவில்லை. இன்றைக்கும் பிடிபடவில்லை.

"இடவேள முடியுது மெடம்" என்று எழும்பிப் போனார்.

அடுத்த நாளிலிருந்து நான் அலுவலகத்திலேயே சாப்பிட்டேன். அதிபர் அறையில் ஒரு ஜன்னல் இருக்கிறது, விஞ்ஞான கூடத்தின் பக்கம். அதை மூடிவைத்தேன். பின்னேரங்களில் வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டிப் போய்க் கடற்கரைக் கல்லில் உட்கார்ந்திருப்பேன். சோடி சோடியாக இருப்பார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பங்கள் வரும். இன்றைக்கு இன்னது நடந்தது என்று யாருக்காவது சொல்ல வேண்டும்போல் இருக்கும். போனை எடுத்து உங்களை அழைத்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

நிரந்தரக் கடிதம் வந்த அன்று, நீங்கள் லட்டு பிடித்துக்கொண்டிருந்த நேரம், என் மேசைக்கு இன்னொரு கடுதாசியும் வந்தது. ஸமீமா தாத்தாவின் இடமாற்ற விண்ணப்பம். கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஒரு பாடசாலையில் கணக்குக்கு வெற்றிடம் இருக்கிறதாம். கடைசிப் பக்கத்தில் அதிபரின் சிபாரிசுக்கு ஒரு கட்டம்.

உஷாந்தி டீச்சர் அதைக் கண்டுவிட்டார். "விட்டுடாதேங்கோ மெடம். கணக்குக்கு வேற ஆள் எங்க? 'பதிலாள் வந்த பின் விடுவிக்கலாம்' எண்டு எழுதுங்கோ. அவ்வளவும் காணும். ரெண்டு வருசத்துக்கு அசைய ஏலாது. பாடசாலைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது."

அவர் சொன்னதில் பிழையில்லை. எல்லா அதிபர்களும் அப்படித்தான் எழுதுவார்கள். பதினோராம் வகுப்புக்குப் பரீட்சை வருகிறது. இரண்டு நாள் அந்த விண்ணப்பத்தை லாச்சிக்குள் வைத்திருந்தேன். இரண்டு வருடம் என்றால் நானூறு காலை. நானூறு தரம் அவர் என் மேசைக்கு முன்னால் வந்து கையெழுத்து வைப்பார். நானூறில் ஒரு நாளாவது மனது இளகாதா என்று யோசித்தேன். அப்படி ஒருவரைப் பிடித்து வைப்பதற்கு எனக்கு இப்போது அதிகாரம் இருந்தது. அந்த யோசனை எனக்கே பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் அவரைக் கூப்பிட்டேன். வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. விண்ணப்பத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன். "பதிலாள் இன்றி உடன் விடுவிக்கச் சிபாரிசு செய்கிறேன்" என்று எழுதியிருந்தேன்.

இரண்டு தரம் வாசித்தார்.

"பதிலாள் கேக்கல்லயா?"

"இல்ல."

"அப்ப கணக்கு யாரு எடுக்குற?"

"வலயம் ஆள் தாற வரைக்கும் நான்தான்."

"நீயா?" முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். "பின்னத்துலயே தடுமாறுவ நீ."

"படிச்சிக்கிறேன்."

பிறகு விண்ணப்பத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அலுவல் பேசும் குரலில் சொன்னார்: "பதினொண்டுல ஏழு பேர்தான் பாஸ் பண்ணுவாங்க. ஆனா இன்னும் பன்னெண்டு பேர இழுத்தெடுக்கலாம், பேர் எழுதித் தாறேன். ஒம்பது பீ வகுப்புப் பொம்புளப் புள்ளைகள் கேள்வி கேக்க வெக்கப்படுவாங்க, கொப்பியில எழுதித் தரச் சொல்லணும். கேத்திர கணிதத்தக் கடைசிக்கு விட்டுறாதீங்க மெடம்."

"சரி தாத்தா."

தாத்தா என்ற சொல்லை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அவருக்குப் பிரியாவிடை வைத்தார்கள். உஷாந்தி டீச்சர் அழுதார். நான் அதிபருக்குரிய நான்கு வசனங்களைப் பேசினேன். மேசை மேல் எனக்கு ஒரு தாள் இருந்தது, பன்னிரண்டு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எது வராது என்று குறிப்பு. வேறு ஒரு எழுத்தும் இல்லை.

எல்லோரும் போன பிறகு ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அலுவலகத்தில் இருந்தேன். திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பாடம் எனக்கு. எட்டாவது கணக்கு வரவில்லை. பின்பக்கம் புரட்டி விடையைப் பார்த்தேன், என்னுடையது வேறு. அழித்துவிட்டு மறுபடி செய்தேன், அதுவும் வேறு. வெளியே காவலாளி கேற்றைப் பூட்ட வந்து, "தவ டிக்கக் இன்னவத மெடம்?" என்று சிங்களத்தில் கேட்டார். ஓம், இன்னும் கொஞ்ச நேரம் இருப்பேன் என்று கை காட்டினேன். புதுத் தாள் ஒன்று எடுத்து, மூன்றாவது தரம், முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினேன்.